வெட்டின மெட்டி

குரு என்றால் தாடி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் குரு ஒரு நர்ஸ். பெயர் திலகவதி. வயது முப்பத்திரண்டு, குழந்தை இல்லை. சிஷ்யை மரகதத்துக்கு நாற்பத்தாறு. நாலு பெற்றவள். மலையடிவாரத்துத் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் குரு கேட்டாள். "கடைசி மூணு மாசத்துல என்னென்ன ஆகும், சொல்லுங்கக்கா."

"கால் வீங்கும். நெஞ்சு எரியும். மூச்சு வாங்கும். தூக்கம் வராது. பொய்வலி வரும்."

"யாருக்கு?"

"இதென்ன கேள்வி சிஸ்டர்? எல்லாருக்கும்தான். நாலு தடவை பட்டவ நான்."

குரு பிரஷர் மெஷினைத் துடைத்து மேஜை மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை குரு மீட்டிங்குக்குப் போயிருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி வேணி வந்தாள், கூடவே மாமியார். கால் வீக்கம், விடாத தலைவலி.

மரகதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தாள். "எனக்கெல்லாம் யானைக்கால் மாதிரி இருந்துச்சு. தலகாணி மேல காலை வெச்சுப் படு, போ."

மாமியாருக்கு ஏக சந்தோஷம். "பெத்தவ சொன்னா அது பேச்சு. பெறாதவ மெஷினைக் கட்டிப் பயமுறுத்துவா."

பிரஷர் மெஷின் மேஜை மேலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை வேணியைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். முகம் உப்பி, கண் இடுங்கிப் போயிருந்தது.

"கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது சிஸ்டர்."

குரு பிரஷர் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அக்கா, ரோட்டுக்கு ஓடுங்க. சிக்னல் அங்கதான் கிடைக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

மரகதம் திரும்பி வந்தபோது தரையில் குறடு கிடந்தது. வேணியின் கால்களைப் போர்வை மூடியிருந்தது.

"மெட்டி சதைக்குள்ள புதைஞ்சு விரல் கறுத்துப்போச்சு, அதான் வெட்டினேன்" என்றாள் குரு.

"புருஷன் உசுரோட இருக்கறப்ப மெட்டிய வெட்டிட்டியேடி, மலடி!" மாமியார் கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பாதி வழியில் வேணிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை எடுத்தார்கள். அது இருக்கிறது. வேணி இல்லை.

மூன்றாம் நாள் மரகதம் குருவின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"கால் வீங்கும்னு சொன்னேன். அது பொய்யா சிஸ்டர்?"

"இல்ல."

"எல்லாருக்கும் வீங்குதா, இல்லையா?"

"வீங்குது."

"அப்ப நான் என்ன தப்புப் பண்ணேன்?"

குரு இழுப்பறையைத் திறந்தாள். ஒரு துணி முடிச்சை எடுத்து மரகதத்தின் கையில் வைத்தாள். வெட்டின மெட்டி. வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் விட்டுப்போனது.

மரகதம் முடிச்சில் விரலை வைத்தாள்.

"அவிழ்க்காம சொல்லுங்கக்கா" என்றாள் குரு. "திங்கக்கிழமை உங்க முன்னாடி வந்து நின்னப்ப அவ கால்ல எத்தனை மெட்டி இருந்துச்சு?"