நஷ்டத்தின் நிறம்

வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து, தன்னைவிட மிகவும் இளையவளான தாட்சாயணியிடம் திரை வடிவமைப்பு கற்றுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் தங்கள் முதலீட்டைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளும் செயலி ஒன்றை அவர்கள் வேலைசெய்த நிறுவனம் நடத்தியது. அதன் முதல் பக்கம் இப்போது அவர் பொறுப்பு.

அன்று காலை அவர் முகம் சரியில்லை.

“மேடம், நஷ்டத்துக்கு என்ன நிறம் கொடுக்கலாம்?”

“இப்போ என்ன கொடுத்திருக்கீங்க?”

“முதல்ல சிவப்பு. சுலோச்சனா டீச்சர் பயந்துட்டாங்க. இளஞ்சிவப்பா மாத்தினேன். ‘எதை மறைக்கிறீங்க மேனேஜர் சார்?’னு இன்னும் பயந்துட்டாங்க. சாயங்காலம் நேர்ல வராங்க. எல்லாத்தையும் வித்துடப் போறாங்களாம்.”

டீச்சர் அவருடைய வங்கிக்காலத்து வாடிக்கையாளர். வேலை, பென்ஷன் இல்லாத தனியார் பள்ளியில். சவரிமுத்துவின் வார்த்தையை நம்பித்தான் சேமிப்பையெல்லாம் இதில் போட்டிருந்தார்.

தாட்சாயணி கைபேசியை வாங்கி அவர் மூக்கோடு ஒட்டினாற்போல் பிடித்தாள்.

“படிங்க.”

“என்ன மேடம் விளையாட்டு?” அவள் கையை எட்டத் தள்ளினார். “ம், இப்போ தெரியுது.”

“யார் தள்ளச் சொன்னது?”

“என் வயசு.”

“டீச்சருக்கு இந்தப் பணம் எப்போ வேணும்?”

“ரிட்டயர் ஆகும்போது. இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு.”

“உங்க பக்கம் எதைக் காட்டுது?”

சவரிமுத்து திரையைப் பார்த்தார். இன்று காலை சந்தை திறந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை ஒரே கோடு. திரை முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. புதிதாக வரைந்தார். இடது ஓரத்தில் டீச்சர் பணம் போட்ட மாதம், வலது ஓரத்தில் ஓய்வுபெறும் வருஷம். இந்த வாரச் சரிவை மட்டும் பழைய அழுத்தமான சிவப்புக்கே மாற்றினார்.

டீச்சர் ஈரக்குடையோடு வந்தார். உட்காரவில்லை.

“விக்கிற பட்டன் எங்கே சார்?”

“இதோ, கீழேயே இருக்கு டீச்சர். அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாருங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரல் சிவப்பைத் தேடி, நீண்ட கோட்டின் நுனியில் இருந்த சின்னக் கீற்றில் நின்றது.

“இதுவா? இதுக்கா ஒரு வாரமா தூங்காம கிடந்தேன்?”

“அதேதான். மறைக்கல.”

“இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே, வெள்ளையா விட்டிருக்கீங்க?”

“அதுல என்ன வரும்னு எனக்குத் தெரியாது டீச்சர். அதனால வரையல.”

“அட! மேனேஜர் சார் வாயால தெரியாதுன்னு இப்பதான் கேக்கிறேன்.” டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “காபியாவது கிடைக்குமா இங்கே?”

காபி வந்தது. பள்ளியின் புதுத் தலைமையாசிரியரைப் பற்றிக் குறைசொல்லியபடி நிதானமாகக் குடித்துவிட்டு, எதையும் விற்காமலே கிளம்பிப் போனார்.

சவரிமுத்து அவரை லிப்ட் வரை கொண்டுபோய் விட்டு வந்தார். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தாட்சாயணியின் மேஜை அருகே வந்து நின்றார்.

“மேடம், நாளைக்கு நிஜமாவே பெரிசா விழுந்தா?”

“பெரிசாவே காட்டுங்க.”