எதுவும் விடாத தட்டு

மதியம் ஆய்வகத்தில் எல்லோரும் கேண்டீனுக்குப் போயிருந்தார்கள். செண்பகவல்லி மட்டும் பேராசிரியை ஜெபக்கனியின் மேசைமுன் வந்து நின்றாள். ஆய்வு மாணவியாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளோடு வாதாடிக் களைக்காதவர் அந்தத் துறையில் இல்லை.

"ஒரு கேள்வி மேடம். பாடத்துல இல்லாதது."

ஜெபக்கனி டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

செண்பகவல்லியின் அக்கா ஆவுடைக்குக் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. பல குரல்கள் திட்டும். ஒன்று மட்டும் சாப்பிட்டியா என்று கேட்கும். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் எல்லாம் அடங்கின. ஆனால் மார்பில் பால் சுரந்தது. கல்யாணம் ஆகாதவள். அம்மா அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. வெளியூருக்குக் கூட்டிப்போய் வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனாலும், யார் அவன் என்ற கேள்வி மட்டும் வீட்டில் ஓயவில்லை. இப்போது ஆவுடைக்கு மாடி அறை. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். போன வாரம் மாத்திரைகளை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டாள்.

செண்பகவல்லி அழவில்லை. வழக்குரைப்பது போலச் சொன்னாள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகள் பிட்யூட்டரிச் சுரப்பியிலும் இருக்கின்றன, மாத்திரை இரண்டு இடத்திலும் போய் அடைத்துக்கொள்கிறது, அதுவரை எனக்கே தெரியும் என்றாள்.

"ஆனா அடைச்சா அடங்கத்தானே வேணும்? பால் ஏன் வருது? யார் சொல்லிச் சுரந்துச்சு?"

"காலைல நீ அளந்த தட்டு ரெண்டையும் எடுத்துட்டு வா."

ஒரே எலியின் பிட்யூட்டரி செல்களைப் பிரித்து வளர்த்த தட்டுகள். ஒன்றில் டோபமைன் விட்டிருந்தது. மற்றதில் எதுவும் விடவில்லை.

"பால் ஹார்மோன் எதுல அதிகம்?"

"டோபமைன் விட்டதுல."

ஜெபக்கனி தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவற்றில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளின் ஓரம் பிய்ந்திருந்தது.

"சீட்டை மாத்தி ஒட்டினியா?"

ஆமாம் என்றாள். எதுவும் விடாத தட்டில்தான் ஏராளமாகச் சுரந்திருந்தது. அது எப்படி முடியும். யாரோ கவனமில்லாமல் மாற்றி ஒட்டியதை நான் திருத்தினேன் என்று வாதாடினாள்.

"அந்த யாரோ நான்தான்," என்றார் ஜெபக்கனி. "சரியாத்தான் ஒட்டினேன்."

செண்பகவல்லி தட்டுகளையே பார்த்தாள்.

"இந்தச் சுரப்பியைச் சுரன்னு யாரும் சொல்ல வேண்டாம். டோபமைன் வந்து போதும் போதும்னு சொல்லிட்டே இருக்கும். அந்தச் சொல் வந்துட்டே இருக்கிற வரைக்கும் இது அடங்கி இருக்கும்."

"வரலேன்னா?"

"சுரக்கும். மாத்திரை அடைச்சுட்டா, வந்தாலும் இதுக்குக் கேக்காது."

"அப்ப யாருமே சொல்லலை."

"யாருமே சொல்லலை."

செண்பகவல்லியின் முகம் சிவந்தது. தட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டாள். இன்றைக்கே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கப்போவதாகச் சொன்னாள். யார் யார் என்றீர்களே, யாரும் இல்லை, இதோ பாருங்கள் என்று காட்டுவாளாம். அந்த அவமானம் பொறுக்காமல்தானே அக்கா மாத்திரையைக் கொட்டினாள்.

"அவ அப்படிச் சொன்னாளா?"

"இல்ல. வேற என்ன காரணம் இருக்கும் மேடம்?"

ஜெபக்கனி சீட்டுகளை உரித்துப் பழையபடி மாற்றி ஒட்டினார்.

"இன்னைக்கே அவ டாக்டர்கிட்ட பாலைப் பத்திச் சொல்லு. பால் அதிகம் வராத மாத்திரையும் இருக்கு, பார்த்து மாத்திக் கொடுப்பார். அது பெரிய விஷயமில்ல."

"பெரிய விஷயம் எது?"

"குரல் எல்லாம் நின்ன பிறகு, சாப்பிட்டியான்னு அவளை யாராவது கேட்டீங்களா?"

கேண்டீனிலிருந்து திரும்புகிறவர்களின் பேச்சு படிக்கட்டில் ஏறி வந்தது. செண்பகவல்லி போனில் அக்காவின் எண்ணைத் தேடினாள்.