தையல்சிட்டு தைத்த போர்வை

ஒரு மலையடிவாரத்தில் சுனை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி இலவமரங்களும் தேக்கு மரங்களும் நின்றன. அங்கே ஓர் அணில் இருந்தது. அதன் முதுகில் முடியே கிடையாது.

பங்குனி மாதம் காட்டில் தீப்பிடித்தபோது நேர்ந்தது அது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அணில்தான் மரம் மரமாக ஓடி, கத்தி எழுப்பியது. கடைசி மரத்தில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு இறங்கும்போது எரிகிற கிளை ஒன்று அதன் முதுகில் விழுந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் வெந்த தோலில் மறுபடி முடி முளைக்கவில்லை.

ஆவணி வந்தது. இனி மழை, அதன் பிறகு பனி.

"இந்தக் குளிரை அணில் தாங்காது. அதற்கு ஒரு போர்வை வேண்டும்" என்றது அங்கே கூடு கட்டியிருந்த ஒரு தையல்சிட்டு.

சுனையில் தண்ணீர் குடிக்க வந்த மந்தி அதைக் கேட்டது. "போர்வைதானே? நான் தைத்துக் கொடுக்கிறேன். என் கையைப் பார், இந்தக் காட்டில் யாருக்கு இப்படி விரல் இருக்கிறது? முழுசாக ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும், உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுவேன்."

"எப்போது ஓய்வு கிடைக்கும், அக்கா?"

"நாவல்பழம் முடியட்டும்."

மந்தி பொய் சொல்லவில்லை. அன்றே ஊருக்குள் போய், கொடியில் காய்ந்த நல்ல நல்ல துணிகளாகக் கொண்டுவந்து ஒரு பாறை இடுக்கில் குவித்தது. நாவல்பழம் முடிந்தது. விளாம்பழம் ஆரம்பித்தது. குவியல் அப்படியே கிடந்தது.

தையல்சிட்டுக்கு ஓய்வு என்பதே இல்லை. கூடு நிறையக் குஞ்சுகள். விடிந்ததிலிருந்து புழு தேடிக் கொடுத்தாலும் வாயைத் திறந்தபடியே இருக்கும்.

"இதில் உனக்குத் தையல் வேறா?" என்று கேட்டது அதன் துணை. "குஞ்சுகள் பட்டினி கிடக்கவா?"

"கிடக்காது. உச்சி வெயிலில் நாம் எவ்வளவு அலைந்தாலும் என்ன கிடைக்கிறது? புழுவெல்லாம் நிழலுக்குப் போய்விடுகிறது. குஞ்சுகளும் அந்த நேரம் கண்ணயர்கின்றன. அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்துவிடு."

துணை யோசித்தது. அதுவும் பல நாள் உச்சி வெயிலில் வெறும் அலகோடு திரும்பி வந்திருக்கிறது. "சரி. நான் கூட்டுக்குக் காவல் இருக்கிறேன்" என்றது.

ஊரில் ஒரு தையற்கடை இருந்தது. அதன் வாசலில் வெட்டிப்போட்ட துண்டுத்துணிகள் பறந்துகொண்டிருக்கும். சிட்டு ஒவ்வொன்றாகக் கவ்வி வந்தது. பூப்போட்டது, கட்டம் போட்டது, சாயம் போனது, சரிகை வைத்தது என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஆனால் உடனே தைக்கத் தொடங்கவில்லை. முதலில் அணிலிடம் போனது.

"நீ சுருண்டு படுப்பாயா, நீட்டிப் படுப்பாயா?"

"முன்பெல்லாம் சுருண்டுதான் படுப்பேன். இப்போது தோல் இழுக்கிறது. குப்புறப் படுக்கிறேன். எதற்குக் கேட்கிறாய்?"

"இந்தத் தேக்கிலையில் ஒருமுறை படுத்துக் காட்டு."

அணில் படுத்தது. சிட்டு அதைச் சுற்றி அலகால் இலையில் ஓட்டை போட்டு அளவு எடுத்துக்கொண்டது.

"எனக்காகவா?" என்றது அணில். "வேண்டாம். உன் குஞ்சுகளைப் பார். நான் சருகுக்குள் புகுந்து சமாளித்துக்கொள்வேன்."

"குஞ்சுகளைப் பார்த்த நேரம் போக மீதியில்தான் இது" என்று சொல்லிவிட்டுச் சிட்டு பறந்துபோனது.

மறுநாள் அந்த இலையைப் பாறைமேல் விரித்து, துணிகளை அதன்மேல் பரப்பியது. காற்றில் பறக்காமல் சின்னக் கற்களை வைத்தது. எட்ட நின்று பார்த்தது. மாற்றி வைத்தது. மறுபடி பார்த்தது. மரத்திலிருந்து மந்தி எட்டிப் பார்த்தது.

"அந்தச் சரிகைத் துண்டை நடுவில் வை. பளபளவென்று இருக்கும்."

"சரிகை உறுத்தும், அக்கா. புண்பட்ட முதுகு. நடுவில் இந்தப் பழைய வேட்டித் துண்டு. அதுதான் பூ மாதிரி இருக்கிறது. சரிகையை ஓரத்தில் போட்டால் கண்ணுக்கும் அழகு, தோலிலும் படாது."

பூச்சியளவு இருக்கும் இதற்கு இவ்வளவு யோசனையா என்று மந்தி மனதுக்குள் வியந்தது.

சிட்டு தைக்க ஆரம்பித்தது. அலகுதான் ஊசி, கற்றாழை நார்தான் நூல். இரண்டு துணிக்கு நடுவே இலவம்பஞ்சை வைத்து, நடுவிலிருந்து வெளியே வெளியே தைத்துக்கொண்டு போனது. தினமும் கொஞ்சம்தான் வளர்ந்தது. ஒருநாள் குஞ்சு ஒன்றுக்கு உடம்பு சரியில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தையல்தான் விழுந்தது. இன்னொரு நாள் வல்லூறு வட்டமிட்டது. அன்றைக்கு ஊசி இறங்கவே இல்லை. அதற்காகச் சிட்டு அழவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் விட்ட இடத்தில் உட்கார்ந்தது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஒரு காலையில் வானம் இருண்டு, ஊதக்காற்றோடு கொட்ட ஆரம்பித்தது. அணிலின் பொந்துக்குள் சாரல் அடித்தது. அதன் பல் கிட்டியது. பேச வாய் வரவில்லை.

மந்தி பாறை இடுக்குக்கு ஓடியது. குவியலை இழுத்தது. பாறையில் கசிந்த ஈரத்தில் எல்லாம் என்றைக்கோ நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தது. அத்தனையும் நல்ல துணி. போர்த்திக்கொள்ள ஒன்றுகூட உதவாது.

நனைந்த தலையோடு அது தையல்சிட்டிடம் வந்தது. சிட்டு இலைகளுக்கு அடியில் போர்வையைப் பத்திரமாக வைத்திருந்தது.

"முடிந்துவிட்டதா?" என்று கேட்டது மந்தி.

"இல்லை. ஒரு பக்கம் ஓரம் பாக்கி இருக்கிறது. ஆனால் நடுவிலிருந்து தைத்ததால் முதுகு முழுக்க மூடும். என்னால்தான் இந்த மழையில் தூக்க முடியாது."

"கொடு."

மந்தி போர்வையை வயிற்றோடு அணைத்து, முதுகு முழுக்க மழையை வாங்கிக்கொண்டு ஓடியது. பொந்தின் வாயில் தன் உடம்பை வைத்துச் சாரலை மறைத்தது. போர்வையை அணில்மேல் விரித்தது. சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் அணிலின் நடுக்கம் குறைந்தது. பிறகு நின்றது.

"எங்கேயும் உறுத்தவில்லை" என்று முனகியது அணில். அப்படியே தூங்கிவிட்டது.

மழை விட்டதும் மந்தி சிட்டின் எதிரில் வந்து உட்கார்ந்தது. "எனக்கு நாளெல்லாம் ஓய்வுதான். அதை ஓய்வென்றே நான் நினைக்கவில்லை. உனக்கு எங்கிருந்து கிடைத்தது இந்த நேரம்?"

"எங்கேயும் கிடைக்கவில்லை. எடுத்து வைத்தேன். பாக்கி ஓரத்தை நாளைக்குத் தைக்க வேண்டும். துணி வழுக்குகிறது, பிடித்துக்கொள்கிறாயா, அக்கா?"

மறுநாள் உச்சிப்பொழுதில் வெயில் அடித்தது. பாறைமேல் மந்தி தன் நீண்ட விரல்களால் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. சிட்டு தைத்தது. அதன் அலகு ஏறி இறங்குவதை மந்தி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு வரட்டும் என்று காத்திருப்பவரின் வேலை தொடங்குவதே இல்லை. இருக்கிற நேரத்தில் கொஞ்சத்தை எடுத்துவைத்து, யோசித்துச் செய்கிறவரின் வேலை முடியும் முன்பே பிறருக்கு உதவும்.