யானைக்குப் பின்னால் பதினாறு சிலிண்டர்

வேலங்கோட்டை சமஸ்தானத்தில் குடிக்கத் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, ராஜாவிடம் கேடிலாக் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த வண்டி. அதே கப்பலில் அவருடைய மைத்துனருக்கு ஒரு பேக்கார்டும் வந்து இறங்கியது. அன்றோடு அரண்மனையில் ராஜாங்கப் பேச்சு ஒழிந்து சிலிண்டர் பேச்சு பிறந்தது.

"பதினாறு சிலிண்டர்! நூற்று அறுபத்தைந்து குதிரைச் சக்தி!" என்பார் ராஜா.

"என்னுடையது பன்னிரண்டுதான், அத்தான். அதற்கே நூற்று அறுபது. அஞ்சு குதிரைக்காக நாலு சிலிண்டரைக் கூடச் சுமக்கிறீர்களே!" என்பார் மைத்துனர்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. பந்தயம் என்று முடிவாயிற்று. அதற்கு நேர்சாலை வேண்டுமே! "நெட்டூர் வயல்களின் நடுவே வெட்டலாம்" என்றார் திவான் வெங்கோபராவ். அங்கே நெல் பால் பிடித்து நின்றது. குடியானவனுக்கு அது வருஷக் கஞ்சி. அரண்மனை மாடியிலிருந்து பார்த்தால் வெறும் பச்சை.

உத்தரவை ஊரில் சொல்லும் வேலையைக் கொண்டல்ராயன் தலையில் கட்டினார் திவான். ராஜாவைச் சிரிக்க வைப்பது கொண்டலின் உத்தியோகம். அவன் பிறந்தது நெட்டூர். திவானுக்கு அது நன்றாகவே தெரியும். மறுத்தால் உத்தியோகம் போகும். தலையாட்டினால் ஊர் போகும்.

கொண்டல் கை கட்டி நின்றான். "சாலை எதற்கு, மகாராஜா? கோயில் வீதியே போதுமே."

"பைத்தியமாடா உனக்கு? தொண்ணூறு மைல் வேகம் போகிற வண்டி!"

"போகும். ஆனால் மகாராஜா சமூகம் புறப்பட்டால் பட்டத்து யானை முரசோடு முன்னால் நடக்கும். அதை முந்தக் கூடாது என்பது பாட்டனார் காலத்து வழக்கம். வண்டி வந்த நாளாக யானை நடைதானே நடக்கிறது?"

"பந்தயத்தன்று யானை வேண்டாம்!" என்று துள்ளினார் திவான்.

"பேஷ்! ராஜாவை எவனும் முந்தக் கூடாது என்றுதான் யானையே போகிறது. யானை நின்றால் அந்த வழக்கமும் நின்றது. மைத்துனர் முன்னால் போகலாம். மகாராஜா பின்னால் புழுதி தின்னலாம். வரப்பில் நின்று ஊரே பார்க்கும்."

மைத்துனர் மீசையை முறுக்கினார். ராஜாவின் முகம் கறுத்தது.

"யானை போகும்! வழக்கம் வழக்கம்தான்!"

அப்படியே கோயில் வீதியில் பந்தயம் நடந்தது. பட்டத்து யானை அலங்காரி முன்னால். இரண்டு அமெரிக்க வண்டிகளும் உறுமிக்கொண்டு பின்னால். பாதி வழியில் அலங்காரி லத்தி போட நின்றாள். முந்நூற்று இருபத்தைந்து குதிரைச் சக்தியும் மரியாதையாகக் காத்திருந்தது.

"சொல்லடா, எந்த வண்டி உசத்தி?" என்றார் ராஜா, கோயில் வாசலில் இறங்கி.

"பதினாறும் தோற்றது, பன்னிரண்டும் தோற்றது, மகாராஜா. ஜெயித்தது கரும்பு தின்கிற வண்டி."

ராஜா தொந்தி குலுங்கச் சிரித்தார். "ஜெயித்தவளுக்கு என்ன பரிசு? நீயே கேள்!"

"நெட்டூர் வைக்கோல். வருஷா வருஷம்."

"கொடுத்தேன்!"

திவான் பதறினார். "மகாராஜா, வைக்கோல் வேண்டுமானால் அங்கே வயல் இருந்தாக வேண்டுமே!"

"அதைத்தான் நானும் இத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், திவான் அவர்களே" என்றான் கொண்டல்ராயன்.