மேலே இருப்பது தண்ணீர்

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. என்னோடு கெமிஸ்ட்ரி படித்த செலின் சொன்னது. எண்ணெய் கலந்த கழிவுநீரைத் தெளிய வைக்கும் பாலிமர் பொடி விற்கிற கம்பெனியில் அவள் வேலை பார்க்கிறாள். சொல்லும்போது இரண்டு இடத்தில் சிரிப்பு தாங்காமல் நிறுத்திவிட்டாள். அந்த இரண்டு இடத்தையும் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதுகிறேன்.

கரட்டுமேடு தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனி. போல்ட் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்பக்கம் ஒரு பெரிய தொட்டிக்கு வரும். பார்த்தால் டீக்கடைப் பால். மோந்தால் லேத்துப் பட்டறை. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர்: சூப்பர்வைசர் நாச்சிமுத்து, அவருக்குக் கீழே ஆறுக்குட்டியும் மாரனும். மூவருக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு வருட அனுபவம். அனுபவம் என்றால், நாற்பத்திரண்டு வருடம் தொட்டியோரம் நின்றிருக்கிறார்கள்.

பேட்டைச் சங்கத்தின் ஆய்வாளர் அந்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. தண்ணீர் சரியில்லை என்றால் கம்பெனியின் கழிவுக் குழாயை அடைத்துவிடுவார். முதலாளி மூவரையும் கூப்பிட்டு, குழாயை அடைத்தால் கம்பெனி ஓடாது, ஓடாவிட்டால் முதலில் வீட்டுக்குப் போவது நீங்கள் மூன்று பேர்தான் என்று சொல்லிவிட்டார். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மாரன் கேட்டாராம்.

திங்கட்கிழமை செலின் அங்கே போனாள். தொட்டித் தண்ணீரை நான்கு கண்ணாடி ஜாரில் லிட்டர் லிட்டராக மொண்டு, படிகாரம் போட்டு, பாலிமர் கரைசலை வெவ்வேறு அளவில் விட்டு, மெதுவாகக் கலக்கினாள். மூன்றாவது ஜாரில் எண்ணெயும் அழுக்கும் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் இறங்கின. மேலே தண்ணீர் பளிச்சென்று நின்றது. மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டது தன்னையா ஜாரையா என்று செலினுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவள் செய்முறையைச் சொல்லச் சொல்ல நாச்சிமுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதினதைச் செய்வேன், எழுதாததைச் செய்ய மாட்டேன், அதனால்தான் பதினெட்டு வருடமாக என்மேல் ஒரு புகார் இல்லை என்றார். கடைசி மூன்று வரி இப்படி இருந்தது: 'ஜாரில் செய்தது போலவே தொட்டித் தண்ணீர் முழுவதற்கும் செய்யவும். அடியில் இருப்பது கசடு, கீழ் வால்வைத் திறந்து கசடுத் தொட்டிக்கு விடவும். மேலே இருப்பது தண்ணீர், வெளியேற்றும் தொட்டிக்கு அனுப்பவும்.'

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள், ஜாரில். தொட்டியில் பத்தாயிரம் லிட்டர். ஜார் நான்கு. ஒரு லிட்டர் மொண்டு, மருந்து விட்டு, கலக்கி, தெளிய வைத்தார்கள். தெளிந்ததை எங்கே ஊற்றுவது என்று நோட்டில் இல்லை. எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே வைப்பதுதான் முறை என்று நாச்சிமுத்து தீர்மானித்தார். மத்தியானத்துக்குள் நாற்பத்தெட்டு ஜார் தெளிய வைத்து, நாற்பத்தெட்டையும் கசடோடு தொட்டியிலேயே ஊற்றினார்கள். தொட்டி கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிகிறது என்றார் ஆறுக்குட்டி. மாரன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பத்து ஜாராவது போகட்டும், பிறகு சொல்லலாம் என்றார்.

எப்படிப் போகிறது என்று போனில் கேட்ட செலின் தலையில் அடித்துக்கொண்டாள். ஜாரை மூட்டை கட்டி வையுங்கள், மருந்தைப் பத்தாயிரம் மடங்காக்கி நேராகத் தொட்டியில் போடுங்கள் என்றாள். அதற்கு முன்னால் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துவிட வேண்டும், இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். நாச்சிமுத்து எழுதிக்கொண்டார். ஜாரைச் சாக்கில் போட்டுக் கட்டியும் வைத்தார்.

புதன்கிழமை எண்ணெயை வழித்தார்கள். எட்டு வாளி. ஒரு சொட்டு விடாமல் வழித்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு இடம் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று எட்டு வாளியையும் கழுவினார்கள். கழுவும் தண்ணீர் தொட்டிக்குத்தான் போக வேண்டும் என்று சுவரில் போர்டு இருக்கிறது. வாளிக்குள் இருந்த எண்ணெயைத் தனியாக எடுத்து வை என்று எந்தப் போர்டிலும் இல்லை.

பாலிமர் பொடி கரைக்கும்போது தரையில் கொஞ்சம் சிந்தியது. அந்தப் பொடியில் தண்ணீர் பட்டால் தரை விளக்கெண்ணெய் தடவினது போல ஆகிவிடும். காய்ந்தபடியே கூட்டி அள்ள வேண்டும். பை மேலேயே அச்சடித்திருக்கிறது. பையைப் படிக்கச் சொல்லி நோட்டில் எழுதவில்லை என்பதால் இவர்கள் ஹோஸைப் பிடித்தார்கள். ஆறுக்குட்டி விழுந்தார். அவர் விழுந்த இடத்தில் ஏதோ வழுக்குகிறது என்று அங்கே இன்னும் கொஞ்சம் தண்ணீர் அடித்தார்கள். நாச்சிமுத்து விழுந்தார். சூப்பர்வைசரையே தள்ளிவிட்டது என்றால் இது சாதாரண அழுக்கு இல்லை என்று தரை முழுக்க அடித்தார்கள். அன்றைக்கு மீதி வேலையை மூவரும் உட்கார்ந்து நகர்ந்தே முடித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து வேலை செய்தது. போடுவது யார் என்று பாலிமருக்குத் தெரியாது அல்லவா. அழுக்கெல்லாம் அழகாகத் திரண்டது. ஆனால் எட்டு வாளி எண்ணெயும் உள்ளேயே இருந்ததால், திரண்ட கட்டிகள் கீழே இறங்காமல் மேலே மிதந்தன. மேலே ஒரு முழத்துக்குத் தயிரேடு மாதிரி கசடு. அதற்குக் கீழே, தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால், ஊசி போட்டால் தெரியும் தண்ணீர். மேலே இருப்பதை வழித்து எறிந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மூவரும் உட்கார்ந்தபடி நோட்டைப் பிரித்தார்கள்.

"ஏனுங், அடியில இருக்கறது தண்ணியாட்டத்தான தெரியுது," என்றார் ஆறுக்குட்டி.

"தெரியறதைப் பத்தி நோட்டுல ஒண்ணும் இல்லை. அடியில இருக்கறது கசடு. அந்த அம்மிணி படிச்ச புள்ளை, சும்மா சொல்லுமா?"

"அப்ப மேல மொத்தையா நிக்குதே, அதுங்?"

"அது தண்ணி," என்றார் நாச்சிமுத்து.

மாரன் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் ஒழுகவில்லை. "நல்ல கெட்டித் தண்ணிங்," என்றார்.

ஆறுக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை. "வேலை போச்சுன்னா என்ற வயசுக்கு எவனுங் கூப்புடுவான்?"

"தப்பாச் செஞ்சாத்தான் வேலை போகும். நாம எழுதினபடிதான செய்யறோம்."

கீழ் வால்வைத் திறந்தார்கள். ஒன்பதாயிரம் லிட்டர் தெளிந்த தண்ணீர் கசடுத் தொட்டிக்குப் போனது. மேலே மிதந்த மொத்தை மெதுவாக இறங்கி இறங்கி, கடைசியில் தொட்டியின் அடியில் வந்து உட்கார்ந்தது. இப்போது அதுதானே அடியில் இருக்கிறது, அப்படியானால் அதுதானே கசடு என்று ஆறுக்குட்டிக்குத் திரும்பவும் சந்தேகம். நாற்பத்திரண்டு வருடத்தில் அங்கே யாருக்கும் இவ்வளவு அறிவு வந்ததில்லை. நாச்சிமுத்து அதையும் அடக்கினார்.

"மேல இருந்தது எறங்கியிருக்குது, அவ்வளவுதான். காலையில நான் கீழ விழுந்தனே, அதுக்காக ஹெல்பர் ஆயிட்டனா?"

பிறகு மூவரும் மொத்தையை வாளி வாளியாக அள்ளி வெளியேற்றும் தொட்டியில் சேர்த்தார்கள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வெங்கிடுபதி வந்தார். மூவரும் தரையில் உட்கார்ந்தபடி வணக்கம் சொன்னார்கள். இது என்ன மரியாதை என்று கேட்க வாயைத் திறந்தவர் இரண்டாவது அடியில் தானும் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், வெளியேற்றும் தொட்டியில் ஒரு பாட்டில் நிரப்பி 'தண்ணீர்' என்று லேபிள் ஒட்டினார். கசடுத் தொட்டியில் ஒரு பாட்டில் நிரப்பி 'கசடு' என்று ஒட்டினார். ஒன்றைக் கரண்டியால் நிரப்ப வேண்டியிருந்தது. அது எது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

செலின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது இரண்டுக்கும் அரக்கு சீல் வைத்தாகிவிட்டது. இதுதான் தண்ணீர், அதுதான் கசடு, மாறிப் போயிருக்கிறது, கண்ணால் பாருங்கள் சார் என்று மன்றாடினாள்.

"சீல் வச்ச பொறகு லேபிளை மாத்தச் சொல்றது முறைகேடுங்க அம்மிணி," என்றார் வெங்கிடுபதி. நாச்சிமுத்து அவரை மிகுந்த மரியாதையோடு பார்த்தாராம்.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. முதலாளி கவரைப் பிரிக்கும்போது மூவரும் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். கடிதத்தில் இருந்தது: 'கசடு: எல்லா அளவிலும் தேர்ச்சி. கழிவுக் குழாயில் விடலாம். தண்ணீர்: தேர்ச்சி இல்லை. குழாயில் விடக் கூடாது, மூட்டை கட்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பவும். குழாயில் விடத் தகுந்த பொருள் இருப்பதால் குழாயை அடைக்கத் தேவையில்லை.'

வேலை தப்பியது. முதலாளி நாச்சிமுத்துவின் நோட்டுக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டுக் கொடுத்தார்.

செலின் சொன்னது இவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன மாதம் வேறு வேலையாகக் கரட்டுமேட்டுக்குப் போனபோது, அந்தக் கம்பெனி வாட்ச்மேனிடம் கேட்டு வாசல் பதிவேட்டைப் பார்த்தேன். நான் போன அன்றைய தேதியிலேயே, 'தண்ணீர், 31 மூட்டை' என்று எழுதி, லாரி டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். லாரி இன்னும் கிளம்பவில்லை. ஏறிப் பார்த்து எண்ணினேன். முப்பத்தொன்றுதான், ஒன்றுகூட ஒழுகவில்லை. லாரியின் பின்கதவில் புதிதாகச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: 'இது குடிநீர் அல்ல.'