மேலிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் தயாராகிறது 'கொன்றை' என்ற லினக்ஸ் தொகுப்பு. நானூறு கிராமத்துப் பள்ளிகளின் கணினிகள் அதில்தான் ஓடுகின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசி வெள்ளி, புதுப் பதிப்பு வரும். வந்ததை ஐந்து ஆண்டு பழுதுபார்த்துக் காப்பாற்றுவோம் என்பது வாக்கு.

வாக்குக் கொடுத்தவள் எமல்டா. வயது நாற்பத்து மூன்று. அவளிடம் வேலை கற்க வந்த தணிகாசலம் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர், அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். 'குருவே' என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். கூப்பிடுவது நிலைத்துவிட்டது. கிண்டல் போய்விட்டது.

மார்ச் மாதம் ஒரு காலையில் அவர் முகம் வாடி வந்தார்.

"குருவே, ஏப்ரலை ஜூனுக்குத் தள்ளணும்."

"ஏன், ஏப்ரல் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் பொறுப்பில் இருந்தது 'வரைவி'. தமிழ் எழுத்தைத் திரையில் உடையாமல் வரைந்து காட்டும் மென்பொருள். அதை எழுதுபவர்கள் கோயம்புத்தூரில் ஒரு குழு. கொன்றை அதை வாங்கித் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவர்களுடைய நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஜூனில்தான் வருகிறது. இப்போது கையில் இருப்பதற்கு டிசம்பர் வரைதான் ஆதரவு. அதன்பின் பழுது வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"ஜூன்ல விடறதை முன்னாடியே விடுங்கன்னு மேலிடத்துக்கு மூணு மெயில் போட்டுட்டேன். அசைய மாட்டேங்கிறாங்க."

"எந்த மேலிடம்?"

"வரைவிக்காரங்கதான். அப்ஸ்ட்ரீம், ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிறவங்கன்னு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, அதை நம்ம ஆவணத்துல மேலிடம்னு மொழிபெயர்த்திருக்கேன்."

அடுத்த மெயிலுக்கு அவர் எழுதி வைத்திருந்த தாளை எமல்டா வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "மேலிடத்தின் மேலான கவனத்துக்கு. பணிவான விண்ணப்பம். தயவுகூர்ந்து." நிமிர்ந்தாள். "சீட்டுக் கேட்டு டெல்லிக்குப் போன மாவட்டச் செயலாளர் மாதிரி இருக்கு, சார். சால்வையும் அனுப்பினீங்களா?"

தணிகாசலம் சிரிக்கவில்லை.

அவள் ஒரு எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, போனை அவரிடம் நீட்டினாள். "வேதாரண்யம் பக்கம் செங்கமலம் டீச்சர். ஜூன்னு நீங்களே சொல்லுங்க."

"டீச்சர், இந்தத் தடவை புதுப் பதிப்பு ஜூன்ல..."

"ஜூன்ல பிள்ளைங்க வந்துடும் சார். லேப் சும்மா கிடக்கிறது மே மாசம் மட்டும்தான். விட்டா அடுத்த மே. இப்பவே 'கொ'ன்னு அடிச்சா எழுத்து உடைஞ்சு கொம்பு தனியா, கால் தனியா நிக்குது. அதைப் பாத்து நோட்டுலயும் அப்படியே எழுதுதுங்க. நான் தப்புன்னு சுழிச்சா, கம்ப்யூட்டர்லயே அப்படித்தானே டீச்சர் இருக்குன்னு என்னையே கேக்குதுங்க. உங்ககிட்ட இருக்கிற புதுசுல அது சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு, டீச்சர்."

"அப்புறம் எதுக்கு சார் வச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

அவர் போனை மேசைமேல் வைத்தார்.

எமல்டா கேட்டாள். "உங்க அண்ணன் இன்னும் விவசாயம் பாக்குறாரா?"

"கடைமடைல ரெண்டு ஏக்கர்."

"மேல்மடைல தண்ணியை அடைச்சுட்டா?"

"போய்ச் சண்டை போடுவார்."

"மனு எழுத மாட்டாரா?"

"அதுவும் எழுதுவார். நாத்து விட்டுட்டுதான் எழுதுவார்."

"தண்ணி இல்லாமயா?"

"போர்வெல் இருக்கே, குருவே."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, 'மேலிடம்' என்பதை அடித்து, 'மேல்மடை' என்று எழுதினாள்.

"அங்கேருந்து தண்ணி வரும். உத்தரவு வராது."

விண்ணப்பத்தின் மீதியையும் குறுக்கே கோடு போட்டுத் தள்ளினாள். அடியில் நாலு வரி எழுதினாள்.

'எங்கள் வெளியீடு ஏப்ரல் கடைசி வெள்ளி. அடுத்த மூன்று வெளியீடுகளின் தேதிகள் கீழே. உங்கள் நீண்டகாலப் பதிப்பை அவற்றுக்கு இரண்டு மாதம் முன்பாக வைத்தால் பழுதுபார்க்கும் வேலையில் பாதி எங்களுடையது. வைக்காவிட்டாலும் தேதி இதுவே.'

"தயவுசெய்துன்னு ஒரு வார்த்தையாவது..."

"அனுப்புங்க."

பதில் மதியமே வந்தது. ஒரே வரி. 'யாருக்காகவும் நாங்கள் தேதியை மாற்றுவதில்லை.'

"திமிரைப் பாத்தீங்களா?"

"நல்ல திமிர். நமக்கும் ஒண்ணு இருக்கு."

எமல்டா வெளியீட்டு அட்டவணையைத் திறந்தாள். ஏப்ரல் தேதி அப்படியே நின்றது. வரைவி என்ற வரியில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. அந்தக் கட்டத்தின் தலைப்பு: ஐந்தாண்டு ஆதரவு, யார்?

கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

தணிகாசலம் விரலைப் பொத்தான்மேல் வைத்தார். அழுத்தவில்லை.

"டிசம்பர் வரைக்கும் அவங்கன்னு போட்டுடலாம். டிசம்பருக்கு அப்புறம் யாருன்னு எழுதறது, குருவே?"

"டிசம்பருக்கு அப்புறம் நீங்க எங்க போறீங்க, சார்?"