தோலுக்கு ஏது வார்த்தை?

குறுமலை ராஜாவின் அட்டூழியத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடினாள் மீனலோசனி. அவளைச் சிறையில் தள்ளி, அந்தப் பாட்டை யார் பாடினாலும் சிறைதான் என்று முரசறைந்தார் ராஜா. திருவிழாவில் அவளுடைய மிருதங்கக்காரர் சிங்காரம் தனியே உட்கார்ந்து, பாட்டில்லாமலே அதன் நடையை அட்சரம் பிசகாமல் வாசித்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே தாளம் போட்டது.

திருவிழா பார்க்க வந்திருந்த ராஜா துள்ளி எழுந்தார். "அடே, அந்தப் பாட்டைத்தானே வாசிக்கிறாய்? விரலை வெட்டிப்போடுவேன்!"

"தோலுக்கு ஏது வார்த்தை, மகராசா? எந்தப் பாட்டுன்னு சொன்னாத்தானே விரல் விலகிப்போகும்?"

"தெரியாத மாதிரியா நடிக்கிறாய்? இதுதானடா!" என்று தொடையைத் தட்டி ராஜாவே பாடிக் காட்டினார்: "கதவைச் சாத்தினால் பொழுது விடியாதோ, ராஜாவே..."

சிங்காரம் சும்மா விடுவாரா? அடுத்த அடிக்கு ஓங்கி ஒரு தட்டு. மீதிப் பாட்டை ஊரே பாடியது.

காவலர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள்.

"முதல்ல பாடினவர்கிட்டேயிருந்து கட்டிட்டு வாங்க, தம்பிகளா," என்றார் சிங்காரம், கையை நிறுத்தாமல்.

காவலர்கள் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா பல்லக்கைத் தேடினார்.